தோளில் ஒரு பை, வயிற்றில் ஒரு பை: ரிவர்சலுக்கு நாள் குறிச்சாச்சு, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

ரைட்_விசில் · ஜனவரி 6, இரவு 10.12

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னைக்குத்தான் எழுதுறேன்.

வயசு 49. அரசு பஸ்ல கண்டக்டர், மதுரை - திருநெல்வேலி ரூட். ஒன்றரை வருஷம் முன்ன மலத்தோட ரத்தம் போக ஆரம்பிச்சது. மூலம்னு நானே முடிவு பண்ணிக்கிட்டு ஏழெட்டு மாசம் களிம்பும் லேகியமுமா ஓட்டினேன். எங்க டிப்போல பாதிப் பேருக்கு மூலம், யாரும் ஆச்சரியப்படல. கடைசில பாத்தா மலக்குடல்ல கட்டி. ரேடியேஷன் முடிச்சு, கட்டிய வெட்டி எடுத்து, குடலை இணைச்சாங்க. இணைச்ச இடம் ஆறட்டும்னு சிறுகுடல ஒரு மடிப்பு வெளிய எடுத்து வலது பக்கம் பை மாட்டி விட்டாங்க. லூப் இலியாஸ்டமின்னு சீட்டுல எழுதியிருக்கு. அப்புறம் கீமோ. ஏழு மாசமா பையோட இருக்கேன்.

லீவுல இருந்தப்ப பாக்க வந்த டிரைவர் ஒருத்தர் சொன்னார்: "உனக்கென்னப்பா, தோள்ல ஒரு பை, வயித்துல ஒரு பை. ரெண்டயும் நேரத்துக்கு காலி பண்ணணும், ரெண்டுலயும் கணக்கு தப்பக் கூடாது." சிரிச்சேன். அவர் போனப்புறம் கொஞ்ச நேரம் சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

ஜனவரி 29 ரிவர்சல் ஆபரேஷன். பைய எடுத்துட்டு குடலை உள்ள வச்சுத் தைக்கப் போறாங்க. வீட்ல எல்லாரும் "பழையபடி ஆயிடுவீங்க"ன்னு சந்தோஷமா இருக்காங்க. எனக்குத்தான் வயித்துல புளியக் கரைக்குது. இந்த மூணு வாரத்துல நான் என்ன செய்யணும்? அப்புறம் என்னோட பெரிய பயம் ரூட்டு. கோவில்பட்டி விட்டா திருநெல்வேலி வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல. நடுவுல அவசரம்னா வண்டியை எங்க நிறுத்துறது?

---

சோழவந்தான்_அக்கா · ஜனவரி 6, இரவு 11.40

தம்பி, எனக்கும் அதே ஆபரேஷன், அதே வலது பக்கப் பை. எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப தையல் கடை நடத்துறேன், கல்யாணத்துக்குப் போறேன், பந்தில உக்காந்து சாப்பிடுறேன். இதை முதல்ல சொல்லிட்டேன், ஏன்னா மிச்சம் சொல்லப் போறது கொஞ்சம் கசப்பு.

முதல் பத்து நாள் ஒரு நாளைக்கு பதினஞ்சு தடவைக்குக் குறையல. போயிட்டு வந்து கால் அலம்பி உக்காந்தா மறுபடியும் வரும். பின்பக்கம் மிளகாய் தேச்ச மாதிரி எரியும். பையே தேவலாம்னு அழுதேன். நாலாம் மாசம் அழுறது நின்னு போச்சு, எந்த நாள் நின்னுச்சுன்னு ஞாபகம் இல்ல.

இப்பவே செய்ய வேண்டியது ரெண்டு. துத்தநாகக் களிம்பு, அதான் ஜிங்க் ஆக்சைடு, பெரிய டியூபா வாங்கி வைங்க. குழந்தைங்களுக்குத் தடவுற அதேதான். எரிய ஆரம்பிச்சப்புறம் தடவுறதுல பிரயோஜனம் இல்ல, முதல் தடவை போறதுக்கு முன்னாடியே தடவிடணும். இன்னொண்ணு, பழைய பருத்தி வேட்டியக் கிழிச்சு துண்டு துண்டா துவைச்சு வைங்க. கழுவினதும் தேய்க்காம ஒத்தி எடுக்க அத விட்டா வேற இல்ல. காகிதத்துல துடைக்கிற ஊர்க்காரங்கள நெனச்சா பாவமா இருக்கு. நம்ம செம்புத் தண்ணி பழக்கம் இந்த விஷயத்துல வரம்.

ரூட்டு பத்தி இப்ப யோசிக்காதீங்க.

---

வார்டு_சிஸ்டர்_ஓய்வு · ஜனவரி 7, காலை 6.05

திருச்சியில் அறுவை சிகிச்சை வார்டில் 31 ஆண்டுகள் இருந்தேன். அக்கா சொன்னது அத்தனையும் சரி. என் பங்குக்குச் சில.

முதலில், உங்கள் சர்ஜனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: இணைத்த இடம் ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டர்? அந்த எண்தான் பின்னால் வரப்போகும் மாதங்களைப் பெரும்பாலும் தீர்மானிக்கும். மலக்குடல் என்பது ஒரு சேமிப்புத் தொட்டி. அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவு நேரம்தான் தாங்கும். ரேடியேஷன் வேறு வாங்கியிருக்கிறீர்கள், அது தொட்டியைக் கொஞ்சம் விறைப்பாக்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போனவர்கள் மூன்றாவது வாரத்தில் உடைந்து போவதில்லை என்பதை வார்டில் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, இணைப்பு ஒழுகாமல் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கையுறை போட்டு விரலால் ஒரு பரிசோதனை, பெரும்பாலும் ஒரு சாயப் படம் அல்லது சின்ன ஸ்கோப். ஒழுக்கு தெரிந்தால் தள்ளிப்போடுவார்கள். அதற்காக வருத்தப்படாதீர்கள், தள்ளிப்போடுவது உங்களைக் காப்பாற்றத்தான்.

இன்று முதல் சுருக்குப் பயிற்சி தொடங்குங்கள். பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவில் வாயு வந்தால் எப்படி அடக்குவீர்கள், அந்தத் தசைதான். அதை மட்டும் உள்ளே இழுத்து 5 எண்ணும் வரை பிடித்து விடுங்கள். 10 முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. தொடையை இறுக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஏழு மாதமாக அந்த வால்வுக்கு வேலையே இல்லை, துருப்பிடித்திருக்கும்.

உடம்பைத் தேற்றுங்கள். தினம் இரண்டு முட்டை, பருப்பு, மீன் ஒத்துக்கொண்டால் மீன். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் இப்போதே சொல்லி மாத்திரை வாங்குங்கள். பீடி சிகரெட் இருந்தால் இன்றோடு சரி. ஓ.ஆர்.எஸ். குடிப்பதாக இருந்தால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கலக்குங்கள். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சின்னது 200 மி.லி.க்கு. பெரியதைப் பாதி டம்ளரில் கலக்கிக் குடித்துவிட்டு வயிறு கொட்டுகிறது என்று வந்தவர்களை எண்ணவே முடியாது.

---

இயற்கை_வழி · ஜனவரி 7, காலை 9.30

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது. ஆபரேஷனுக்கு முன் விளக்கெண்ணெய் குடித்துக் குடலைக் கழுவச் சொல்லும் ஆலோசனைகளை இங்கே அனுமதிப்பதில்லை. - மட்டுறுத்துநர்]

---

வார்டு_சிஸ்டர்_ஓய்வு · ஜனவரி 7, காலை 10.02

நீக்கியதற்கு நன்றி. இலியாஸ்டமியோடு பேதி மருந்து சாப்பிட்டால் அரை நாளில் உப்பும் நீரும் வற்றி சிறுநீரகம் அடிபடும். அதைக் குணமாக்கி அனுப்ப நாங்கள் ஒரு வாரம் மல்லுக்கட்ட வேண்டும்.

---

பத்து_வருஷ_பை · ஜனவரி 7, பிற்பகல் 2.18

கண்டக்டர் சார், நான் கோயம்புத்தூர்ல ஆட்டோ ஓட்டுறேன். எனக்கு ரிவர்சல்னு ஒண்ணு கிடையாது. ஆசனவாயையே எடுத்துட்டாங்க, இடது பக்கம் நிரந்தரப் பை. பத்து வருஷமாச்சு, பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வச்சிட்டேன், பேத்தி தோள்ல ஏறி மிதிக்கிறா.

இந்த இழைல நான் ஏன் எழுதுறேன்னா, ரிவர்சல் பண்றவங்க பேசுறப்ப பையை ஏதோ சனியன் மாதிரி பேசுவாங்க. கொஞ்சம் மரியாதையா அனுப்பி வைங்க. அது இல்லாட்டி அந்த இணைப்பு ஆறியிருக்காது. இந்த ஒட்டுற பையைக் கண்டுபிடிச்சதே ஒரு நர்ஸம்மா. டென்மார்க்ல எலிசே சோரன்சென்னு பேரு. தங்கச்சிக்குக் குடல் வெளிய வச்சுட்டாங்க, அவ வெளிய போகவே பயந்து வீட்ல அடைஞ்சு கிடக்குறான்னு 1954ல யோசிச்சது. தங்கச்சி வாசல் தாண்டணும்னு அக்கா பட்ட கவலைதான் இன்னைக்கு உங்க வயித்துல ஒட்டியிருக்கு.

ஒருவேளை 29ஆம் தேதி "இப்ப வேணாம்"னு டாக்டர் சொன்னா இடிஞ்சு போயிடாதீங்க. இந்தப் பக்கமும் ஆள் இருக்கோம்.

---

யாழ்_டீச்சர் · ஜனவரி 8, இரவு 8.55

நான் யாழ்ப்பாணம். எனக்குப் பெருங்குடல் முறுக்கிக்கொண்டு அவசரமாச் சத்திரசிகிச்சை செய்து, இடப்பக்கம் பை வைச்சவை. எட்டு மாசத்துக்குப் பிறகு திருப்பி இணைச்சவை. என்ரை ஹாட்மன் ரிவர்சல் எண்டு சொல்லுறது, நடு வயித்தைத் திரும்பத் திறந்து செய்யிறது. உங்கடை லூப் அப்படியில்லை, பை இருந்த ஓட்டையாலயே பெரும்பாலும் செய்து முடிச்சிடுவினம். ஆனபடியா என்ரை கதையைக் கேட்டுப் பயப்பிடாதேங்கோ.

ஒரு விசயம் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. பை இருக்கேக்கையே சில நாளில பின்பக்கத்தால சளி மாதிரி வரும். நான் திரும்ப நோய் வந்திட்டுது எண்டு இரவிரவா அழுதன். பாவிக்காத குடலும் சளி சுரந்துகொண்டுதான் இருக்குமாம், அது வெளியாலை வரத்தானே வேணும். ரத்தம் கலந்து வந்தால் மட்டும் கிளினிக்கில காட்டுங்கோ.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு இருமேக்கை ஒரு தலையணையை வயித்தோட அமத்திப் பிடியுங்கோ. அது பெரிய உதவி.

---

ரைட்_விசில் · ஜனவரி 17, இரவு 9.20

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து, ரெண்டு நாள் லேட்டா. கரும்பு ஒரு கணு கடிச்சு சாறை மட்டும் முழுங்கிட்டு சக்கையத் துப்பிட்டேன், வீட்ல பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டாங்க. போன தீபாவளிக்கு முந்திரிய மெல்லாம முழுங்கி அடைச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது அவங்களுக்கு மறக்கல.

சிஸ்டர், கேட்டுட்டேன். 5 சென்டிமீட்டராம். சாயம் ஏத்திப் படம் எடுத்தாங்க, ஒழுக்கு இல்ல. அந்தப் படத்த டாக்டர் வெளிச்சத்துல புடிச்சுக் காமிச்சப்ப, தைச்ச இடத்துல குட்டிக் குட்டி ஸ்டேப்ளர் பின் வட்டமா தெரிஞ்சுது. நம்ம டிரிப் ஷீட்டுக்கு அடிக்கிற பின்னு மாதிரி இருக்கேன்னு நெனச்சேன். சிரிப்பு வந்துடுச்சு, டாக்டர் ஒரு மாதிரி பாத்தார்.

சுருக்குப் பயிற்சி பண்றேன். முதல் நாள் மூணு எண்றதுக்குள்ள விட்டுப் போச்சு. இப்ப எட்டு வரைக்கும் நிக்குது.

---

தேனி_மகள் · ஜனவரி 18, காலை 7.48

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க அப்பாவுக்கும் போன மாசம் இதே மாதிரி பை வச்சிருக்காங்க, வயசு 66. பை மூணு நாள் கூட நிக்க மாட்டேங்குது, ஓரத்துல ஒழுகி சுத்தி எல்லாம் புண்ணு. இதுல ரிவர்சலுக்கு எவ்வளவு செலவாகும்னு இப்பவே அம்மா கவலை. முதலமைச்சர் காப்பீட்டுல வருமா?

---

பத்து_வருஷ_பை · ஜனவரி 18, காலை 8.30

அம்மா, புண்ணுக்கு முக்காவாசி காரணம், தோல்ல ஒட்டுற தட்டுல வெட்டுற ஓட்டை பெருசா இருக்கிறது. ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல குடல் வாய் வீங்கியிருக்கும், போகப் போக சுருங்கும். ஆனா நாம பழைய அளவுக்கே வெட்டிட்டு இருப்போம். வாரம் ஒருதரம் அளவு அட்டையை வச்சுப் பாத்து, குடல் வாயை விட ரெண்டு மி.மீ. மட்டும் பெருசா வெட்டுங்க. தோல் நல்லா காயணும். தட்டை ஒட்டிட்டு அஞ்சு நிமிஷம் உள்ளங்கையால பொத்திப் புடிக்கச் சொல்லுங்க, அந்தச் சூட்டுலதான் பசை பிடிக்கும். எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் தட்டுக்கு அடியில வேணாம்.

காப்பீடு: குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். எந்த ஆபரேஷன் எந்தத் தலைப்புல வரும்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்டு ஒப்புதல் வாங்கணும். பின்னாடி பில்லை எடுத்துட்டுப் போனா நடக்காது.

---

ரைட்_விசில் · ஜனவரி 28, இரவு 9.05

வார்டுல அட்மிட். மூச்சுப் பயிற்சிக்கு மூணு பந்து இருக்குற சாமான் கொடுத்திருக்காங்க, உறிஞ்சி உறிஞ்சி ரெண்டு பந்து தூக்கிட்டேன். கடைசி தடவையா பை மாத்தினேன். பத்து வருஷம் சாருக்காக: மரியாதையாத்தான் அனுப்பி வைக்கிறேன்.

---

ரைட்_விசில் · பிப்ரவரி 2, மாலை 5.30

நாலாம் நாள். பையன்கிட்டச் சொல்லி டைப் அடிக்கச் சொல்றேன்.

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம்தானாம், நல்லா முடிஞ்சுது. மறுநாளே எழுப்பி நடக்க விட்டாங்க. ரெண்டாம் நாள் கஞ்சித் தண்ணி. அன்னைக்கு ராத்திரி வயிறு பானை மாதிரி உப்பி பச்சையா வாந்தி. மூக்குல ரைல்ஸ் டியூப் போட்டு, வாய்க்கு ஒண்ணும் கிடையாதுன்னுட்டாங்க. குடல் இன்னும் தூங்குதாம். இணைப்பு விட்டுப் போச்சோன்னு வீட்ல ஒரே அழுகை. படம் எடுத்துப் பாத்துட்டு இல்லன்னு சொல்லிட்டாங்க. ஆனா வாயு பிரியல. டாக்டர், நர்ஸ், பக்கத்து பெட் தாத்தா எல்லாரும் வந்து கேக்குற ஒரே கேள்வி: "காத்து போச்சா?"

இன்னொண்ணு, பை இருந்த இடத்தை முழுசாத் தைக்காம நடுவுல ஒரு ஓட்டை விட்டு வச்சிருக்காங்க. மறந்துட்டாங்களா?

---

வார்டு_சிஸ்டர்_ஓய்வு · பிப்ரவரி 2, மாலை 6.11

மறக்கவில்லை ஐயா. பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பை ஞாபகம் இருக்கிறதா? கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கும், நடுவில் ஒரு விரல் நுழைகிற இடம் மிஞ்சும். அப்படித்தான் தைத்திருக்கிறார்கள். ஏழு மாதம் மலம் பட்ட இடம் அது, முழுக்க மூடினால் உள்ளே சீழ் தங்க வாய்ப்பு அதிகம். திறந்திருந்தால் நீர் வடிந்து அடியிலிருந்து சதை வளர்ந்து தானாக மூடும். சில வாரம் டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

குடல் தூங்குவதும் இந்த ஆபரேஷனில் அடிக்கடி பார்ப்பதுதான். கீழ்ப்பக்கக் குடல் மாதக்கணக்கில் வேலை செய்யவில்லை. நடங்கள். வார்டு வராந்தாவை ஒரு ரூட்டாக வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கு ஒரு டிரிப். டாக்டர் சம்மதித்தால் சூயிங்கம் மெல்லலாம். சாப்பாடு வருகிறது என்று குடலை ஏமாற்றுகிற வேலை அது.

---

ரைட்_விசில் · பிப்ரவரி 4, விடியற்காலை 4.52

விசில் கொடுத்தாச்சு.

---

பத்து_வருஷ_பை · பிப்ரவரி 4, காலை 5.20

ரைட், ரைட்! போலாம்!

---

யாழ்_டீச்சர் · பிப்ரவரி 4, காலை 6.40

பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடேக்கை வாசிச்சனான். ஸ்ராவ் றூமில தனியா இருந்து சிரிக்கிறன், கேக்கிறவைக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை.

---

ரைட்_விசில் · பிப்ரவரி 9, இரவு 8.00

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள். எத்தனை தடவை போறேன்னு பழைய டிரிப் ஷீட்டோட பின்பக்கத்துல கணக்கு எழுதுறேன் அக்கா. நேத்து 17 தடவை, இன்னைக்கு 14. தண்ணியா, பச்சையா. களிம்பு முன்னாடியே தடவினதால எரிச்சல் பொறுத்துக்குற அளவுக்கு இருக்கு. சாப்பாடு இட்லி, இடியாப்பம், குழைஞ்ச சோறு மோர், வாழைப்பழம், வேகவச்ச கேரட். மிளகாய் கிடையாது, கீரை கிடையாது. காபி கேட்டேன், வீட்ல பாத்த பார்வைல அடங்கிட்டேன்.

---

வார்டு_சிஸ்டர்_ஓய்வு · பிப்ரவரி 9, இரவு 8.45

நல்லது. குடத்தைத் தூக்காதீர்கள், சிலிண்டரைத் தொடவே தொடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் வரை அஞ்சு கிலோவுக்கு மேல் எதுவும் வேண்டாம், பை இருந்த இடத்தில் குடலிறக்கம் வரும். நாட்டுக் கக்கூஸில் குந்தி முக்காதீர்கள், நாற்காலிக் கமோடு வாடகைக்கே கிடைக்கும்.

காய்ச்சல், வயிறு உப்பிக்கொண்டே போவது, வாந்தி, வாயுவும் மலமும் அடியோடு நிற்பது, ரத்தம், காயத்தில் நாற்றமடிக்கும் சீழ்: இதில் எது வந்தாலும் எங்களைக் கேட்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவு 2 மணியானாலும் போங்கள்.

---

ரைட்_விசில் · பிப்ரவரி 20, இரவு 1.35

தூக்கம் வரல. இன்னைக்கு மச்சினன் வீட்டுக்குப் போனேன், பத்து நிமிஷ தூரம்தான். படியேறுறதுக்குள்ள போயிடுச்சு. வேட்டியெல்லாம். மச்சினன் ஒண்ணும் சொல்லல, வேட்டி எடுத்துக் கொடுத்தான். அவன் ஒண்ணும் சொல்லாததுதான் தாங்கல.

பை இருந்தப்ப இது நடக்கல. அஞ்சு மணி நேரம் வெளிய போயிட்டு வந்திருக்கேன். நல்லா இருந்தத நானே போயி கெடுத்துக்கிட்டேனோன்னு தோணுது.

---

சோழவந்தான்_அக்கா · பிப்ரவரி 20, இரவு 1.50

முழிச்சிட்டுத்தான் இருக்கேன் தம்பி.

எனக்கு ரேஷன் கடை வரிசையில. சேலை மஞ்சள் கலர். அந்தச் சேலைய அப்புறம் நான் கட்டவே இல்ல, தலையணை உறையாத் தைச்சிட்டேன். இது மூணாவது வாரம். இந்த மூணாவது வாரத்துல "தப்புப் பண்ணிட்டேன்"னு சொல்லாத ஆளை நான் இங்க பாத்ததில்ல. இன்னைக்கும் நேத்துக்கும் ஒப்பிடாதீங்க, பைத்தியம் பிடிக்கும். டிரிப் ஷீட்டுல ஞாயித்துக்கிழமைய மட்டும் எடுத்துப் பாருங்க. போன ஞாயிறு எத்தனை, அதுக்கு முந்தின ஞாயிறு எத்தனை?

---

ரைட்_விசில் · பிப்ரவரி 20, இரவு 2.04

இதோ பாக்குறேன். 15ஆம் தேதி 11. அதுக்கு முந்தின ஞாயிறு 17.

---

சோழவந்தான்_அக்கா · பிப்ரவரி 20, இரவு 2.06

போய்ப் படுங்க.

---

வார்டு_சிஸ்டர்_ஓய்வு · பிப்ரவரி 20, காலை 6.15

இப்போதுதான் பார்த்தேன். உங்களுக்கு வந்திருப்பதற்கு ஒரு பெயர் உண்டு, லார்ஸ் என்பார்கள். மலக்குடலைக் குறைத்தவர்களுக்கு வரும் தொந்தரவுகளின் தொகுப்பு: அவசரம், விட்டு விட்டுப் பலமுறை போவது, வாயுவா மலமா என்று பிரித்தறிய முடியாமை. 2012இல் டென்மார்க் மருத்துவர்கள் அதற்கு ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பெண் முறை வெளியிட்டார்கள். மொத்தம் 42. 20 வரை தொந்தரவில்லை, 21 முதல் 29 வரை லேசு, 30 முதல் கடுமை. அடுத்த ரிவ்யூவில் கேட்டு வாங்கி நிரப்புங்கள். "ரொம்பக் கஷ்டமா இருக்கு டாக்டர்" என்பதை விட ஒரு எண்ணைச் சொன்னால் அவருக்கும் சிகிச்சை கொடுப்பது சுலபம்.

பேதியைக் கட்டுப்படுத்தும் லோப்பரமைடு பற்றியும் கேளுங்கள். 2 மி.கி. மாத்திரை, பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. எத்தனை என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். காய்ச்சலோ உப்புசமோ இருந்தால் தொடக் கூடாது. இசப்கோலைப் பலர் மலச்சிக்கல் மருந்து என்றே நினைக்கிறார்கள். கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுச் சாப்பிட்டால் தண்ணியாகப் போவதைக் கெட்டிப்படுத்தும்.

மச்சினன் நல்ல மனிதர்.

---

ரைட்_விசில் · மார்ச் 8, மாலை 4.10

ரிவ்யூ போனேன். ஸ்கோர் 41. பத்தாங் கிளாஸ்ல கணக்குல கூட நான் இவ்வளவு வாங்கல. மாத்திரை காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. காயம் மூடிடுச்சு, தொப்புளுக்குப் பக்கத்துல இன்னொரு தொப்புள் மாதிரி இருக்கு.

---

தேனி_மகள் · மார்ச் 9, காலை 9.00

அண்ணா, அப்பா உங்க இழையத் தினம் படிக்கச் சொல்லிக் கேக்குறார். "விசில் கொடுத்தாச்சு" வந்த அன்னைக்கு சத்தமா சிரிச்சார், பை வச்சப்புறம் முதல் தடவை. ரிவர்சலே வேணாம்னு சொல்லிட்டிருந்தவர் இப்ப அஞ்சு எண்ணிட்டிருக்கார், சுருக்குப் பயிற்சியாம். ஆபரேஷன் தேதி ஆகஸ்ட்ல சொல்லியிருக்காங்க.

---

ரைட்_விசில் · ஜூன் 21, இரவு 9.45

ரொம்ப நாளா எழுதல. எழுத ஒண்ணும் இல்லாததுதான் காரணம், அது நல்லதுக்குத்தான்.

போன மாசம் டிப்போல லைட் டூட்டி சேந்தேன், டைம் கீப்பர் ஆபீஸ்ல. கழிப்பறை இருபதடி தூரம். முதல் ரெண்டு வாரம் அந்த இருபதடிய மனசுல அளந்துக்கிட்டே இருந்தேன். இப்ப ஒரு நாளைக்கு அஞ்சு தடவை. அதுல மூணு காலைலயே, ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்துடும். அதனால நாலரைக்கே எழுந்து, ஒரு டம்ளர் வெந்நீர் குடிச்சு, முடிச்சிட்டுத்தான் கிளம்புறது. ஸ்கோர் 24. பச்சை வெங்காயமும் பால் காபியும் இன்னும் ஆகல. கட்டங்காபி ஆகுது. ராத்திரி சாப்பாட்ட ஏழு மணிக்கு முடிச்சா தூக்கம் முழுசா கிடைக்குது, எட்டரைக்குச் சாப்பிட்டா ஒருதரம் எழுப்பி விட்டுடும்.

போன ஞாயிறு ஒரு வேலை பண்ணேன். மாட்டுத்தாவணில திருநெல்வேலி வண்டி ஏறி, டிக்கெட் எடுத்துட்டு, பயணியா உக்காந்து போனேன். ஜோல்னாப் பையில மாத்து வேட்டி, களிம்பு, மாத்திரை, வேட்டித் துணி. விருதுநகர்ல இறங்கல. சாத்தூர்ல இறங்கல. கோவில்பட்டில இறங்கிப் போயிட்டு வந்தேன், அவசரமில்ல, சும்மா ஒரு தைரியத்துக்கு. அங்கருந்து திருநெல்வேலி வரைக்கும் கண்டக்டர் பையனயே பாத்துட்டிருந்தேன், சில்லறைய எப்படிக் கொடுக்குறான்னு. ஸ்டாண்டுல இறங்குறப்பதான் வயித்து ஞாபகமே வந்துச்சு.

ரூட்டுக்குத் திரும்ப இன்னும் கேக்கல. டவுன் பஸ் கேட்டிருக்கேன், குறைஞ்ச தூர டிரிப்பா. பாப்போம்.

பீரோவத் துடைக்கிறப்ப பை மீதி கிடந்துச்சு. ஏழு இருக்கு, அளவு 57 மி.மீ., தட்டும் ஆறு பிரிக்காம இருக்கு. காலாவதித் தேதி அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு. யாருக்காவது ஆகுமா?

---

தேனி_மகள் · ஜூன் 21, இரவு 9.58

அண்ணா, அப்பாவோடதும் 57தான்.

---

ரைட்_விசில் · ஜூன் 21, இரவு 10.03

தனிமடல்ல அட்ரஸ் அனுப்புங்க. தேனி வண்டி கண்டக்டர்கிட்ட நாளைக்கே கொடுத்து விடுறேன்.